அத்தை முதுகில் என் கால்

நான் தலைக்குப் பதிலாகக் காலை முதலில் நீட்டிக்கொண்டு பிறந்தவளாம். அம்மா செத்துப் பிழைத்தாள். ஆனால் எங்கள் தெருவில் அதற்கே ஒரு மரியாதை இருந்தது. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு ஓடிவிடும் என்பார்கள். மூன்றாம் வகுப்பிலேயே நான் பெரிய வைத்தியச்சி. கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட மிதப்பு.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எறையூர் ஆலைக்குப் போகும் லாரிகளுக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டுக் கட்டாகக் கரும்பு சுமந்தவள். அதில் முதுகு முன்னால் வளைந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் "பொண்ணுக்குக் கூனு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை வரப்போவதாகத் தெரிந்ததும், அம்மா என்னைத்தான் நம்பினாள்.

தினமும் சாயங்காலம் அத்தை பாயில் குப்புறப் படுப்பாள். அம்மா விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்ப்பாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறுவேன். என் பாதத்துக்குக் கீழே எலும்பு மொடமொடக்கும்.

"வலிக்குதா அத்தே?"

"இல்லடி. நல்லா அழுத்தி மிதி."

எழுந்திருக்கும்போது அவள் கண் சிவந்திருக்கும். எண்ணெய்ச் சூடு என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அம்மா அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, பின்னந்தலை படுகிறதா என்று பார்ப்பாள். தட்டைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்வாள். நிமிர்ந்து நிற்க, நிமிர்ந்து நடக்க, நிமிர்ந்தே உட்கார எல்லாம் பழக்கினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அத்தை காபித் தட்டோடு நடந்து வந்ததைப் பார்த்திருக்க வேண்டுமே! அப்படி ஒரு நிமிர்வு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியவங்க கால்ல வுழுந்து கும்புட்டுக்கம்மா" என்றார்.

குனிந்து எழுவதை மட்டும் யாரும் பழக்கியிருக்கவில்லை. விழுந்த அத்தையால் எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தாள், முட்டியை ஊன்றிப் பார்த்தாள். அம்மா ஓடிப்போய்த் தூக்கியபோது முதுகு பழையபடி வளைந்திருந்தது. அப்படியும் அவள் சிரிக்கப் பார்த்தாள்.

இலை போடத் தயாராக இருந்தது. சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள்.

"இருக்கட்டுங்க. போயிட்டுத் தாக்கல் சொல்லி வுடுறோம்" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். வீட்டுக்குச் செலவு வைக்காத நல்ல மனிதர்கள் என்று எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தாள்.

"இனிமே மிதிக்க வேணாம் தங்கம். போதும்" என்றாள்.

சரியாகிவிட்டதாக்கும்! தெருவுக்கு ஓடினேன். எங்கள் அத்தையின் கூனை நிமிர்த்திவிட்டேன் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருவராவது பாராட்ட வேண்டுமே! எல்லாருக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.