மச்சானை மூன்று முறை நீக்கியவர்

வலது கை, வீடியோவை நீக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தும். இடது கை காது மடலை இழுத்துவிட்டுக்கொள்ளும். ஒரு வீடியோவுக்கு இருபது நொடி. சாம்பலைக் கரைத்துக் குடித்தால் காய்ச்சல் ஓடிவிடும் என்று கூவுகிற சாமியார் வந்தாலும் அதே இழுப்பு, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் வந்தாலும் அதே இழுப்பு. பாரபட்சம் பார்க்காத மனிதர்.

ஊரே காய்ச்சலில் கிடந்தபோது, வீடியோ கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே, வைத்தியத்தில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தகுதி இல்லாமலா? பதினோரு வருஷம் சட்டைக் கம்பெனியில் பழுதான சட்டைகளைப் பார்த்து ஒதுக்கியவர். அங்கே நூல் பிரிந்திருந்தால் ஒதுக்குவார். இங்கே கருத்து பிரிந்திருந்தால். "ரெண்டும் ஒண்ணுதான். யோசிச்சா வேலை ஓடாது" என்பார்.

யோசிக்கிற வேலையைக் காலையில் வரும் விதித்தாள் பார்த்துக்கொள்ளும். 'காய்ச்சல் தொட்டால்தான் ஒட்டும். காற்றில் பரவும் என்பவர்களை நீக்கு' என்றது அது. இவர் தீர்ப்பிலும் பத்துக்கு ஒன்றை மேற்பார்வைக்காரி திரும்பப் பார்ப்பாள். மூன்று தப்பு என்றால் வேலை போச்சு. இவருக்கு ஏற்கெனவே இரண்டு.

வினை, பெண் கொடுத்த வீட்டிலிருந்தே வந்தது. மனைவியின் மூத்த அண்ணன் நுரையீரல் டாக்டர். "பையனுக்குக் கண்ணு கூர்மை" என்று சொல்லி இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தவரே அவர்தான். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் வீட்டில் கிடந்த நாலாயிரம் பேர், மூச்சு முட்டினால் அவருடைய வீடியோ பக்கத்தில்தான் வழி கேட்டார்கள். "காத்துலதான் பரவுது. ஜன்னலத் தொறந்து வைங்க" என்றார் டாக்டர். கூர்மையான கண் இருபது நொடி பார்த்து நீக்கியது.

கூட வேலை பார்த்த மூன்று பேரும் காய்ச்சலில் படுத்துவிட, அடுத்த வீடியோவும் இவர் வரிசைக்கே வந்தது. அதற்கடுத்ததும். மூன்றாவதோடு பக்கமே மூடிக்கொண்டது. இவர் மட்டும் ஏன் படுக்கவில்லை என்கிறீர்களா? முதல் வீடியோவைக் கேட்ட அன்றே வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார்.

டாக்டர் போனில் கொதித்தார். "மாப்ள, உங்க கம்பெனிதானே? எந்த மடையன் என் பக்கத்த மூடினான்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

"விசாரிக்கிறேன் மச்சான். அவனுங்களுக்கு என்ன தெரியும்!"

விசாரிக்க ரொம்ப தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து விதித்தாள் குட்டிக்கரணம் போட்டது. 'காய்ச்சல் காற்றில் பரவும். இல்லை என்பவர்களை நீக்கு.' காதை இழுத்துக்கொண்டு அதையும் தொடங்கினார். அன்றைக்கே மச்சானின் மேல்முறையீடு வந்தது, இவர் வரிசைக்குத்தான். விதித்தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பழைய பதிவுகளை, பதிவான நாளின் விதிப்படியே பார்க்கவும்.' ஏற்றுக்கொண்டால் இவருக்கு அது மூன்றாவது தப்பு.

அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள். "ஏங்க, அண்ணன் பக்கத்த எப்பத் தொறப்பாங்களாம்? எத்தன பேரு அவர நம்பிக் கெடக்குறாங்க!"

"மேல பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா."

"மேலன்னா யாரு? சரியான கல்நெஞ்சக்காரனா இருப்பான் போல."

திரையில் மச்சானின் மேல்முறையீட்டுக்கு ஆறு நொடிதான் பாக்கி. இடது கை காதுக்குப் போகவில்லை. நீண்டு, ஜன்னல் கதவை இன்னும் ஒரு சாண் தள்ளித் திறந்தது. வலது கை சிவப்பை அழுத்தியது.