மைக் போட்ட சனிக்கிழமை

படிப்பவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஸ்டோர் ரூம் பார்க்கிறேன். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக் கூச்சப்படுகிறவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். இதைச் சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அஸ்தினாபுரத்தில் மாடியில் ஒற்றை அறை. கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. ஆபீஸ் மேஜையில் படுக்க வைக்கிற ஒல்லிப் பெட்டி. அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டேன். தனியாக ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் இன்டர்நெட் வழியாக முகம் தெரியாத நான்கு பையன்கள் தங்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு சனி, ஞாயிறு மதியங்களில் ஐந்து லாரிகளும் லோடு ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போவோம். அவர்கள் மைக்கில் பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பதிலைத் தட்டி அனுப்புவேன். என் கம்ப்யூட்டர் திணறித் திணறி ஓடியதால் எப்போதும் கடைசி வண்டி என்னுடையதுதான்.

“இன்னா மச்சான், எங்க கீற? மாட்டுவண்டி ஓட்டிகினு வரியா?” என்பான் ஒருவன்.

“விட்றா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வருவான்” என்பான் இன்னொருவன்.

நான் சிரிப்பேன். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருக்கும். அதற்கு முன் யாரும் என்னை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. கேன்டீனில் நான் ‘ஸ்டோர் அண்ணா’. பஸ்ஸில் ‘சார், கொஞ்சம் தள்ளுங்க’. வாடா போடா என்று பேச எனக்கு இருந்தவர்கள் அந்த நான்கு பேர்தான்.

பிறகு விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. நால்வரும் அதற்கு மாறினார்கள். என் கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை. இரண்டு வாரம் சனியும் ஞாயிறும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த வாரம் பெட்டியைத் துணிப்பையில் வைத்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார்.

“ரேம் ஏத்திடலாம்ணா. ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டுடலாம். கேம்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஆவாது. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள பெரிய கார்டு போவாது, பவர் சப்ளையும் தாங்காது. செகண்ட்ஹேண்ட்ல குட்டி கார்டு ஒண்ணு இருக்கு. அதான் செட்டாவும்.”

“லாரி ஓடுமா?”

“நல்லாவே ஓடும். பையன் என்னண்ணா படிக்கிறான்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு ஹெட்செட்டையும் பையில் போட்டு, “தம்பிகிட்ட குடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து புதிய பதிப்பைப் போட்டேன். லாரி வழுக்கிக்கொண்டு போனது. சாலையோர மரங்களில் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அந்தச் சனிக்கிழமை மதியம், பெருமை தாங்காமல், ‘புது கார்டு போட்டாச்சு’ என்று அவர்களுக்குத் தட்டி அனுப்பிவிட்டேன். அது வரைக்கும் பழைய மெஷின், மைக் வேலை செய்யாது என்று சமாளித்து வந்திருந்தேன். இனி அதைச் சொல்ல முடியாது.

“அப்ப மைக்கப் போடு மச்சான். சும்மா டபாய்க்காத.”

தண்ணீர் குடித்துவிட்டு ஹெட்செட்டை மாட்டினேன்.

“லோடு ஏத்தியாச்சு. கிளம்பலாமா?”

கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன்.

“அங்கிள்” என்றான் மாட்டுவண்டி என்று கிண்டல் செய்கிறவன். “அவன் இல்லீங்களா?”

“எவன்?”

“உங்க பையன்.”

“நான்தான்ப்பா. எப்பவுமே நான்தான் ஓட்டறேன்.”

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. இன்னொருவன், “டேய், சும்மா இரு” என்றான்.

“சாரி அங்கிள், தெரியாம வாடா போடான்னு பேசிட்டோம்.”

“பரவால்ல. அப்படியே பேசுங்க.”

“அதெப்படி அங்கிள்? எங்கப்பா வயசு இருக்கும் உங்களுக்கு. நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வரோம்.”

முதல் தடவையாக நான் முதல் வண்டி. கண்ணாடியில் நான்கு லாரிகளும் ஒரே இடைவெளியில் தெரிந்தன. யாரும் முந்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. வழக்கமாகக் காது புளிக்கும் கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வளைவு வந்தால், “பாத்து அங்கிள்” என்பார்கள். ஓர் இடத்தில் வேண்டுமென்றே தடுப்பில் கொண்டுபோய் இடித்தேன்.

“ஒண்ணும் ஆவலியே அங்கிள்?” என்று மட்டும் கேட்டார்கள். நான் வண்டியை எடுக்கிற வரை நான்கு பேரும் காத்திருந்தார்கள்.

லோடு இறக்கியதும் ஒருவனை அம்மா கூப்பிட்டார்கள். ஒருவனுக்கு கரண்ட் போய்விட்டது. மற்ற இருவரும் “தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ‘இன்னிக்கு கேம் இல்ல அங்கிள், எல்லாருக்கும் வேலை’ என்று செய்தி வந்திருந்தது. விளையாட்டைத் திறந்தபோது நான்கு பேரின் பெயருக்கும் பக்கத்தில், விளையாட்டில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாவு வாங்கக் கடைக்குப் போனேன்.