கதவைத் தாண்டிப் போக விடாதவர்

செய்தி வந்தபோது நான் பால் வந்த அட்டை டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி, கத்தரிக்கோலால் வெட்டி, தட்டையாக விரித்துக் காயவைத்த பிறகுதான் மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியில் போடுவேன். மெல்பர்னில், ரோவில் பகுதியில், எங்கள் தெருவில் வேறு யாரும் இந்தக் கூத்தை அடிப்பதில்லை. ஜப்பானில் தொற்றிய பழக்கம், இன்னும் விடவில்லை. ஈரக் கையோடு ஃபோனை எடுத்தேன். சிட்னியிலிருந்து மாதுரி, புவனா அக்காவின் மகள். "அன்ரி, அம்மா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா," என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. "தூக்கத்துலயா? அவங்களா?" என்றுதான் கேட்டேன். ஒரு சண்டையும் பிடிக்காமல் புவனா அக்கா ஓரிடத்தை விட்டுப் போயிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மறுநாள் வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஜப்பான், சிட்னி கெல்லிவில் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட புவனேஸ்வரி, அமைதியும் அடக்கமும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்தவர் என்று எழுதியிருந்தார்கள். அடக் கடவுளே! யாரைச் சொல்கிறீர்கள்? வேறு யாரோ ஒரு புவனேஸ்வரியின் படத்துக்குப் பதில் எங்கள் அக்காவின் படத்தை மாற்றிப் போட்டுவிட்டீர்களா? அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். செத்துப்போன மனுசியை இஸ்திரி போட்டு மடித்து வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

எங்கள் பழக்கம் குப்பையில் தொடங்கியது. இருபது வருடங்களுக்கு முன், நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊர். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் 304 எங்கள் வீடு, 303 அக்காவுடையது. என் கணவர் தொழிற்சாலையில் இன்ஜினியர். நாங்கள் திருச்சியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எரிக்கும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், கண்ணாடிப் புட்டிக்கு மாதத்தில் ஒரு நாள். நான் தயிர் டப்பாவையும் கறிவேப்பிலைக் காம்பையும் ஒரே பையில் கட்டிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் அந்தப் பை சிவப்பு ஸ்டிக்கரோடு என் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அறுபது வீட்டுக் குப்பையில் என்னுடையதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்காதீர்கள். மஞ்சள் கறை காட்டிக்கொடுத்திருக்கும். யாரும் திட்டவில்லை, கதவைத் தட்டவுமில்லை. எனக்கு மானம் போய்விட்டது. அதற்குப் பிறகு குப்பையை வெளியே வைக்கவே பயம். மீன் செதிலையும் வெங்காயத் தோலையும் கட்டிக் கட்டி ஃப்ரீசரில் அடுக்கினேன்.

ஒரு நாள் ஐஸ் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா, கேட்காமலே என் ஃப்ரீசரைத் திறந்துவிட்டார். அவர்தான் புவனா அக்கா. அவரிடம் நான் அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை.

"என்ன இது, குப்பையோ? குப்பையை ஃப்ரீசருக்குள்ள வச்சிருக்கிறீரோ? உமக்கென்ன விசரே?"

"இல்லக்கா, திருப்பி வாசல்ல வச்சிட்டாங்க. எனக்கு பயமா இருக்கு."

அக்கா ஐஸை மறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "எங்களுக்கு எந்த நாள் எந்தக் குப்பை எண்டு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லாமல் திருப்பி மட்டும் வைப்பினமோ?" என்றார்.

எப்படிச் சொல்லாமல் போனார்கள் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். அந்த ஊரில் செய்திகள் ஓர் அட்டையில் கிளிப் மாட்டி வீடு வீடாகப் போகும். குப்பை நாள் மாற்றம், தண்ணீர் நிற்கும் நேரம், யார் வீட்டில் சாவு, எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு உங்கள் வீட்டுக் கட்டத்தில் பெயர் முத்திரை குத்தி, அடுத்த கதவில் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 302-இல் இருந்த மொரிதா சான், நம் ஊரில் என்றால் மொரிதா அம்மா, அந்த அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு கதவுகளையும் தாண்டி, நேரே 305-க்குப் போவதை அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுமுறை அவர் வந்தபோது கதவைத் திறந்து, குறுக்கே நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார். மொரிதா சான் நல்ல மனுஷி, அதை இன்றும் சொல்வேன். அவர் சிரித்து, மூன்று தடவை குனிந்து, உங்களுக்குச் சிரமம், வாசிக்கக் கஷ்டம், தொந்தரவு வேண்டாமே என்று பதறிப்போய் 305-க்குப் போய்விட்டார்.

"பாத்தனீரே? எங்களில இரக்கப்பட்டுத்தான் தாண்டிப் போறா. அந்த இரக்கம்தான் எனக்கு வேண்டாம்," என்றார் அக்கா.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஒதுக்கினால் ஒதுங்கிவிடுவேன். தாண்டிப் போனால் நல்லதாய்ப் போயிற்று என்று கதவைச் சாத்திக்கொள்வேன். அக்காவோடு எனக்கு இருந்த ஒரே வழக்கு இதுதான். கடைசிவரைக்கும் இதற்காகத்தான் என்னை அவர் திட்டினார்.

குடியிருப்போர் கூட்டத்துக்கு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் மனப்பாடம் செய்த ஜப்பானியத்தில் எழுந்து நின்று சொன்னார்: "எங்கள் குப்பையும் அங்கேதான் கிடக்கிறது. அந்த இடத்தைக் கழுவும் வேலையில் எங்களுக்கும் பங்கு வேண்டும்." அங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு அந்தப் பொறுப்பை ஏற்கும். காக்கைகளுக்காக வலை விரிக்க வேண்டும், வண்டி போன பிறகு தரையைக் கழுவ வேண்டும். அந்த வாரப் பொறுப்பு யாருக்கோ அவர் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு மரப் பலகை தொங்கும். நாங்கள் இருவர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா பேசி முடித்ததும் தலைவர், யோசித்துப் பார்க்கிறோம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா வெற்றிக் களிப்பில் கேசரி கிண்டினார். நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அந்த ஊரில் யோசித்துப் பார்க்கிறோம் என்றால் மாட்டோம் என்று அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

தெரிந்த நாளில் அக்கா வாளியும் விளக்குமாறும் வாங்கி வந்தார். குப்பை வண்டி போன மறு நிமிடம் கீழே இறங்கி, தரையைக் கழுவிவிட்டு வந்துவிட்டார். அந்த வாரப் பொறுப்புக்காரர் விளக்குமாற்றோடு வந்து பார்த்தால் தரை பளபளவென்று இருக்கிறது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். நல்லதுதானே செய்கிறார் என்று நினைத்தேன். அடேயப்பா, கட்டடமே கலங்கிவிட்டது. அடுத்தவர் கடமையைப் பறிப்பதைவிடப் பெரிய அவமானம் அங்கே இல்லை போலிருக்கிறது. மொரிதா சான் ஒரு பெட்டி இனிப்போடு வந்து, தயவுசெய்து நிறுத்துங்கள், மற்றவர்களால் தலை நிமிர முடியவில்லை என்றார். அக்கா இனிப்பை வாங்கிக்கொண்டு, தேநீர் கொடுத்து, மிகப் பணிவாகச் சொன்னார்: "பட்டியல்ல பேரைப் போடுங்கோ. எனக்கு வராத வாரம் நான் கீழ இறங்கமாட்டன்." ஜப்பானியத்தில்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாகவே ஞாபகம் இருக்கிறது.

நான்காவது வாரம் 303-இன் கதவுப் பிடியில் பலகை தொங்கியது. அக்கா அதற்குப் பொட்டு வைக்காததுதான் பாக்கி. ஆனால் அதற்கடுத்த வாரம் அது என் கதவுக்கு வந்தது. எனக்குத் தலை சுற்றியது. வெளியே பனி, குழாய்த் தண்ணீர் கையை வெட்டுகிறது, காக்கைகள் ஒவ்வொன்றும் கோழி அளவு. "நான் கேட்டேனாக்கா? உங்களுக்கு வேணும்னா நீங்க செய்யுங்க, என்னை ஏன் மாட்டிவிட்டீங்க?" என்று கத்தினேன். வாழ்நாளில் நான் ஒருவரிடம் கத்தியது அதுவே முதல் தடவை.

"ஆ! இப்பதான் வாய் திறந்திருக்குது," என்றார் அக்கா. கீழே வந்து படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போடவில்லை. நான்தான் காக்கை கிழித்த பையைக் கூட்டி, கழுவி, வலையை மடித்தேன். அந்த வாரமே செய்தி அட்டையும் வந்தது. என்னிடம் முத்திரை கிடையாது. கட்டத்துக்குள் தமிழில் 'வ' என்று எழுதினேன், வசந்தியின் வ. 305-க்குக் கொண்டுபோய் நானே மணியடித்துக் கொடுத்தேன். திரும்பி வரும்போது அழுதுகொண்டு வந்தேன், சந்தோஷமா கோபமா என்று இன்றும் தெரியாது.

பிறகு நாங்கள் மெல்பர்ன் வந்தோம். அக்கா குடும்பம் சிட்னி போனது. ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் தவறினார். மறு வருடம் மாதுரியின் திருமணம், சிட்னியில் பரமட்டாவில் ஒரு மண்டபத்தில். வரவேற்பில் ஒரு பெண் சந்தனம், குங்குமத் தட்டோடு வரிசையாக வந்தாள். யாரோ ஓர் அன்ரி அவள் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். தட்டு என்னைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாம் மென்மையாக, என் மனம் நோகக்கூடாதே என்றுதான் நடந்தது. நானும் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மணவறைப் பக்கம் நின்ற மணமகளின் தாய், அத்தனை பேர் பார்க்க, கூறைச்சேலை சரசரக்க இறங்கி வந்தார். தட்டை வாங்கி என் முன்னால் பிடித்தார். "அங்க ஒரு மொரிதா சான் இருக்கிறா, பாத்தனீரே?" என்று காதுக்குள் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கை மட்டும் எழவில்லை. அவரே என் விரலைப் பிடித்துக் குங்குமத்தில் தோய்த்து என் நெற்றியில் வைத்தார். வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தார்: "எத்தினை தரம் நான் வந்து உமக்காக நீட்டுறது? உம்மட கை எங்க?"

இந்த வருடத் தொடக்கத்தில் கடைசியாகப் பார்க்கப் போனபோதும் அதையே கேட்டார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது, வாய் கோணியிருந்தது, வசை மட்டும் நேராக வந்தது. ஃபிஜிக்காரப் பெண் மேரே தினமும் வந்து அவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, பொட்டு வைத்துவிடுவாள். பொட்டு நடுவில் இல்லாவிட்டால் அக்கா முறைப்பார், மேரே சிரித்துக்கொண்டே அழித்து மறுபடி வைப்பாள். ஒன்றரை வருடம் அப்படி. "போட்டு வாறன் எண்டு சொல்லிப் போட்டுப் போம்," என்றார் நான் கிளம்பும்போது. என் தமிழில் போயிட்டு வர்றேன் என்றேன். கையை அசைத்தார், நல்ல கையை.

இறுதிக் கிரியைக்கு நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்ல, வாய்க்கரிசித் தட்டு பெண்களிடையே வந்தது. அக்காவின் கணவரின் தம்பி சிவம் அங்கிள்தான் முன்னின்று ஒழுங்கு செய்தார். மச்சாள்மார், மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று ஒவ்வொருவராக அழைத்தார். என்னருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் இருங்கோ. பிளேன் எடுத்துத் தூரத்தில இருந்து வந்தனீங்கள். கரைச்சல்படாதேங்கோ. இது சொந்தக்காரர் போடுறது." கரைச்சல் என்றால் அவர்கள் தமிழில் சிரமம், தொந்தரவு. அவர் கண்ணில் உண்மையான பரிவு இருந்தது. அதுதான் கொடுமை.

வழக்கம்போல் கைப்பைக்குள் குனியத்தான் என் தலை போனது. முன்னால் பெட்டிக்குள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இனி அவர் எழுந்து வந்து தட்டைப் பிடிக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்தி வந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. நான் எழுந்து, அங்கிளுக்குக் குறுக்கே நின்று, இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"எனக்குக் கரைச்சல் வேணும் அங்கிள். தட்டைக் குடுங்க."

"அன்ரி போடட்டும்," என்றாள் மாதுரி முன்வரிசையிலிருந்து. ஆனால் அதற்குள் தட்டு என் கையில்தான் இருந்தது. மூன்று பிடி போட்டேன். அக்காவின் உதட்டோரத்தில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

தட்டைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பியபோது, பின்சுவரோரம் மேரே நிற்பதைப் பார்த்தேன். கறுப்பு உடை, கையில் கைக்குட்டை. அத்தனை பேரில் அவளைத்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் போலவே அவளும் எதையோ தேடுகிறவள்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவம் அங்கிள் தட்டுக்காகக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நாற்காலி வரிசைகளைத் தாண்டி நடந்துபோய் அவள் முன் நின்றேன். அவள் பயந்து, தான் குடும்பத்தைச் சேர்ந்தவள் இல்லையே என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

புவனா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்பவர்களுக்கு: சேலை இல்லை, நகை இல்லை, அந்த அறிவித்தலில் எழுதிய பொறுமை நிச்சயமாக இல்லை. ஒரு வசையை வைத்துக்கொண்டிருக்கிறேன். மேரேயின் முகத்தைப் பார்த்து, அக்காவின் அதே எரிச்சலோடு, தமிழிலேயே அதைச் சொன்னேன்.

"உம்மட கை எங்க?"

ஒரு சொல் புரியாமலே மேரே இரண்டு கைகளையும் நீட்டினாள்.