பூ வைத்த படம்

ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்த முழங்கால் வலி இன்னும் ஆறவில்லை. அதற்குள் மகள் வதனி என்னைத் தான் வாழும் இந்தப் பிரெஞ்சு நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள். இந்த ஊர்க் கறுப்பினக் கலைஞர்களின் கண்காட்சி. அவளோடு வேலை செய்யும் ஹெயிற்றிப் பெண் மரியும் படம் வரைந்திருக்கிறாளாம். மேடையில் மேளம் அதிர்கிறது. எனக்கோ ஒரு கதிரை கிடைத்தால் போதும்.

மரியின் படத்தில் மஞ்சள் தலைத்துணி கட்டிய ஒரு முதிய முகம். கீழே மேசையில் வெள்ளைப் பூக்கள். எனக்கு விளங்கிவிட்டது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிடுகிறேன். மரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொம்மா எப்ப மோசம் போனவ, பிள்ளை?" என்கிறேன்.

வதனி என் கோட்டை இழுக்கிறாள். "ஐயோ அம்மா, அவ உங்களுக்குப் பின்னாலை இருக்கிறா!"

திரும்பினால் அதே தலைத்துணி. செத்தவர்களின் படத்துக்குத்தான் நாங்கள் பூ வைப்போம் என்று வதனி பிரெஞ்சில் விளக்குகிறாள். அந்த மனுசி தொடையில் அடித்துச் சிரிக்கிறா. பக்கத்துக் கதிரையைத் தட்டி ஏதோ சொல்கிறா.

"என்னவாம்?"

"செத்தாப் பிறகு வைச்சால் ஆர் பாக்கிறதாம். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரி நிலம் துடைச்சவவாம். இண்டைக்குத்தான் சனம் நிண்டு தன்ரை முகத்தைப் பாக்குதாம். உங்களையும் வந்து இருக்கட்டாம்."

பக்கத்தில் இருக்கிறேன். படத்தைப் பார்ப்பவர்கள் திரும்பி அவவையும் பார்க்கிறார்கள். அவ அரசியைப் போலத் தலையசைக்கிறா. நான் கால்களை நீட்டுகிறேன்.

"வதனி, வீட்டிலை பூ வைச்சிருக்கிற கொப்பான்ரை படத்துக்கு எதிர்ச் சுவரிலை என்ரை படத்தைக் கொழுவு."

"அபசகுனமாக் கதையாதேங்கோ அம்மா."

"பூவும் வை. என்ரை கண்ணாலை நான் பாக்கவேணும்."