தொட்டியில் நின்ற சம்பந்தி

நாரின் என்ற மலையூரின் நகராட்சி வண்டிக்கூடத்தில் துர்குனாலி அண்ணனுக்கென்று மேசை கிடையாது. ஒரு தொலைபேசி உண்டு. குளிர்காலத்தில் அது ஓயாது. குப்பை லாரியின் பின்கதவு மூடவில்லை, பனி தள்ளும் வண்டியின் தகடு இறங்கவில்லை, டிப்பர் தூக்கிய முதுகைத் தாழ்த்த மறுக்கிறது என்று சுற்றுவட்டார ஓட்டுநர்கள் எல்லோரும் அழைப்பார்கள். இவற்றையெல்லாம் தூக்கி இறக்குவது ஆயிலை அழுத்தும் ஹைட்ராலிக் பம்ப்; அதனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"பம்ப் எப்படி அழுவுது? அழுது காட்டு."

மீசை வைத்த பெரிய மனிதர்கள் போனில் அழுவார்கள். "ஙீஈஈ" என்று இழுத்தால், ஆயில் குளிரில் இறுகிவிட்டது, பம்பால் உறிஞ்ச முடியவில்லை. "கடகட" என்று தகரத்தில் கூழாங்கல் உருட்டியதுபோல் அழுதால், ஏதோ ஒரு ஹோஸ் காற்றை இழுக்கிறது. கொஞ்ச நேரம் நன்றாகப் பாடிவிட்டு விக்கினால், ஆயிலில் தண்ணீர் கலந்து சல்லடையில் பனிக்கட்டி அடைத்திருக்கிறது. சரியாக அழத் தெரியாதவர்களுக்குத் திட்டு விழும்.

"இது பம்பா, உன் மாமியாரா? ஒழுங்கா அழு!"

அவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். பாட்டு வகுப்பை எடுத்துவிட்டார்கள்; வண்டிக்கூடத்துக்குக் காவலாளியாக வந்தார். ஒரு ஜனவரிக் காலையில் கட்டிலில் படுத்தபடியே, "அந்த பம்ப் அரை சுருதி கீழே பாடுது" என்றார். கழற்றிப் பார்த்தார்கள், உண்மைதான். மறுநாள் காவலுக்கு வேறு ஆள் வந்தான்; அண்ணன் மெக்கானிக் ஆகிவிட்டார். நான் அவர் பக்கத்து வீட்டுக்காரி; ஐந்து வருடம் ஊர் ஊராக வேலை பார்த்துத் திரும்பியவள். இஸ்தான்புல்லில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் லிஃப்ட் முனகும்போதெல்லாம், நம்ம அண்ணன்தானே, ஒரு போன் போட்டு முனகிக் காட்டினால் என்ன என்று தோன்றும்.

போன மார்கழியில் அவர் மகள் குல்சானாவுக்குக் காதணி போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் கொச்கோரிலிருந்து வருவதாக இருந்தது. இரண்டு வீட்டாரும் ஆட்டின் வால் கொழுப்பையும் ஈரலையும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதன் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. ஆனால் மூன்று மணிக்கு மேல், அவர்கள் திரும்பிப் போக வேண்டிய மலைக்கணவாய்ப் பாதையைப் பனிக்காக ஊர் எல்லையிலேயே மூடிவிடுவார்கள். அதற்குள் சாப்பிட்டு, உறுதி செய்து, அவர்கள் கிளம்பியாக வேண்டும்.

அன்று பார்த்து, சதுக்கத்துப் புத்தாண்டு மரத்தின் உச்சி நட்சத்திரம் சாய்ந்துவிட்டது. மின்சாரக்காரருக்குக் காய்ச்சல். "பத்தே நிமிஷம்" என்று அண்ணன், ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டியின் தொட்டியில் ஏறி, நான்கு மாடி உயரத்துக்குப் போனார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு. குளிர்கால ஆயில் இன்னும் வந்து சேரவில்லை. டேங்கில் இருந்தது கோடைக்கால ஆயில். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். கீழே இருந்த ஓட்டுநர் ஜோல்சு, டீசல் வீணாகிறதே என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறைச்சி அடைத்த சம்சா வாங்கப் போனான். நாற்பது நிமிடம் வரிசையில் நின்றான்.

திரும்பி வந்து எஞ்சினைக் கிளப்பியபோது தொட்டி அசையவில்லை. அவசரத்துக்கு இறக்கும் கைப்பம்பின் பிடியை, எப்போதோ வண்டிக்கூடத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பற்றவைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணியோ நவம்பரிலிருந்து மடங்கிக் கிடக்கிறது. அதைச் சரி செய்ய வேண்டியவரும் மேலே நின்றவர்தான்.

காற்றில் அவருக்கு பம்ப் சத்தம் கேட்கவில்லை.

"ஜோல்சு! எப்படி அழுவுது?"

ஜோல்சு வாயில் சம்சாவோடு, "ஙூ ஙூ" என்றான்.

"முழுங்கிட்டு அழுடா!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. அது "ஙூ" இல்லை, "ஙீ" என்று தபால்காரம்மா திருத்தினாள். ரொட்டிக் கடைக்காரர் இரண்டும் தப்பு என்று தனியாக ஒன்று அழுது காட்டினார். சதுக்கமே ஊளையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சம்பந்தி வீட்டாரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் பெய்ஷெபாய், மாப்பிள்ளையின் அப்பா. அகலமான மனிதர். பின்னால் அவர் மனைவி கானிம்பு.

"துர்குனாலி வீடு எங்கேங்க?" என்று கேட்டார் பெய்ஷெபாய்.

"வீடு அந்தப் பக்கம். ஆளு அதோ" என்று ஜோல்சு மேலே காட்டினான்.

சம்பந்தியின் தலைக்கு மேலே நிற்பது மரியாதையா? அண்ணன் சட்டென்று தொட்டிக்குள் குந்திக்கொண்டார். இப்போது குல்லாய் மட்டும் தெரிந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க! வழியெல்லாம் சௌகரியமா?" என்றது குல்லாய்.

"உங்க புண்ணியத்துல சௌகரியம், சம்பந்தி. கவலைப்படாதீங்க. முப்பது வருஷம் அறுவடை மெஷின் ஓட்டினவன் நான். இது காத்து பூந்திருக்கு. நல்லா ரேஸ் பண்ணினா துப்பிடும்."

அறுவடை மெஷின் ஓடுவது வெயில் கொளுத்தும் ஆகஸ்டில். அவருடைய ஹைட்ராலிக் அறிவு முழுக்க ஆகஸ்ட் மாதத்து அறிவு. ஆனால் பெண் கொடுப்பவர் சம்பந்தியிடம், அதுவும் காதணி போடும் நாளில், தப்பு என்று சொல்ல முடியுமா?

"உங்களுக்குத் தெரியாததா, சம்பந்தி? ஆனா ஆயில் கொஞ்சம் இறுகியிருக்குமோன்னு என் சின்ன அறிவுக்கு..."

"உங்க அறிவு சின்னதா? மலை மாதிரி. இருந்தாலும் காத்துதான்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மெதுவா, ரொம்ப மெதுவா..."

பெய்ஷெபாய் அதற்குள் ஜோல்சுவைத் தள்ளிவிட்டு ஏறி, ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். இந்த முறை யாரும் அழுது காட்ட வேண்டியிருக்கவில்லை. பம்ப் தானே வீறிட்டது. ஆயில் இல்லாமல் அதன் பற்கள் ஒன்றையொன்று தின்னும் சத்தம். இன்னும் ஒரு நிமிடம் போனால் பம்ப் தூள். வேறு பம்ப் தலைநகரிலிருந்துதான் வர வேண்டும்.

குல்லாய் எழுந்தது.

"டேய் தொப்பைக் கழுதை! காலை எடுடா!"

எஞ்சின் அடங்கியது. ஜோல்சு சாவு வீட்டில் நிற்பவன்போலத் தொப்பியைக் கழற்றினான். ஈரல் தட்டோடு வீட்டிலிருந்து ஓடிவந்த அண்ணனின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

முதலில் சிரித்தது கானிம்பு. கார் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"முப்பது வருஷமா என் நாக்கு நுனியில இருந்துச்சு சம்பந்தி, நீங்க சொல்லிட்டீங்க! இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

அண்ணன் வாத்தியார் குரலில் சொன்னார். எஞ்சின் மெதுவாக ஓடட்டும், யாரும் மிதிக்கக் கூடாது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றணும். டேங்கைக் கம்பளியால் மூடணும். கானிம்பு காரைத் திறந்து, சம்பந்திக்கென்று கொண்டுவந்திருந்த புது ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து டேங்குக்குப் போர்த்தி, பொத்தானும் போட்டுவிட்டாள். தபால்காரம்மா கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொண்டுவந்தாள்.

பெய்ஷெபாய் இறங்கவில்லை. கைகளைக் கட்டியபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அரை மணி கழித்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"கழுதை சரி. தொப்பை எதுக்கு?"

"மேலேருந்து பாத்தா அதுதான் சம்பந்தி முதல்ல தெரியுது."

பெய்ஷெபாய் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மேலே தொட்டியைப் பார்த்தார். "அங்கேருந்துமா?" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் பம்பின் குரல் மாறியிருந்தது. ஜோல்சு காதைத் தீட்டிக்கொண்டு, "ம்ம்ம்" என்று அழகாக முனகினான்.

"அதான்! அதான் சுருதி!" என்று மேலே இருந்து கத்தினார் அண்ணன்.

தொட்டி இறங்கத் தொடங்கியது, நிமிடத்துக்கு இரண்டே முழம். மணி இரண்டே முக்கால். குல்சானாவை அழைத்துவர ஒருவன் ஓடினான். வண்டியின் சக்கரத்தருகே நிறுத்திக் கானிம்பு காதணி போட்டாள். பெய்ஷெபாய் வண்டியின் படியில் ஏறி, குதிகாலை உயர்த்தி, பாதி உறைந்த கொழுப்பையும் ஈரலையும் சம்பந்தியின் வாயில் திணித்தார். அண்ணன் தொட்டியிலிருந்து வளைந்து, அவர் வாயில் இரண்டு மடங்கு திணித்தார். இருவரும் கன்னம் உப்ப மென்றுகொண்டே ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சம்பந்தம் உறுதியானது. தரைக்கு இன்னும் மூன்று முழம் இருந்தது.