கொம்பியூட்டர் என்னை உள்ளே விடாத காலைகள்

யாழ்ப்பாணத்துத் தலைமைக் கந்தோரில் வேலை செய்பவர்களில் என்னைப் பிடித்தவர்கள் ஒரு கூட்டம், பிடிக்காதவர்கள் இன்னொரு கூட்டம் இருப்பதாக முதலில் நம்பினேன். முன்னவர்களின் கை ஓங்கும் நாளில் கொம்பியூட்டர் என்னை உள்ளே விடும். மற்றவர்களின் கை ஓங்கினால் விடாது. இது நாற்பது தாண்டிய மனிதன் நம்பக்கூடிய விஷயமா என்று கேட்கக்கூடாது. நம்பினேன்.

சமாதானப் பேச்சு நடந்த காலம். ஊர்காவற்றுறையில் ஒரு மீனவர் சங்கக் கிளையில் எனக்கு வேலை, இன்னும் நிரந்தரமாகாதது. வள்ளங்கள் கொண்டுவரும் மீனின் நிறையை, தொலைபேசி வழியாகத் தலைமைக் கந்தோரின் பெரிய கொம்பியூட்டருக்குள் நுழைந்து பதிய வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் சரியாகத்தான் இருக்கும். ஒருநாள் திறக்கும், மறுநாள் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். மாத முடிவுக்குள் சரிவராவிட்டால் கொம்பியூட்டரைத் திரும்ப எடுத்துவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அது போனபிறகு, அதற்கு முன்னால் கிடக்கும் கதிரையில் எனக்கு என்ன வேலை?

செய்யாத வித்தை இல்லை. கடவுச்சொல்லை ஒற்றை விரலால், மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தேன். உப்புக்காற்று தின்றிருக்கும் என்று தொலைபேசி வயரின் முனையைச் சுரண்டினேன். கணக்குப் பார்க்கும் அக்கா காலையில் திரைக்கு மேலே பூசும் திருநீற்றைக்கூடச் சந்தேகிக்காமல் விடவில்லை.

"அக்கா, நாளைக்கு மட்டும் பூசாதேங்கோ."

"ஏன் தம்பி, உம்மடை மெசின் வேதத்துக்கு மாறிட்டுதோ?"

ஐஸ் பகுதியைப் பார்க்கும், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் வேதக்கார அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மறுநாள் அக்கா பூசவில்லை. கொம்பியூட்டரும் திறக்கவில்லை. திருநீற்றில் பிழையில்லை என்றாயிற்று.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. அக்கா கடைசியாகத் தொட்ட நாட்களில்தான் மறுப்பு. ஐஸ் அண்ணை தொட்டிருந்தால் வரவேற்பு. என் பயத்தை ஆவல் ஒரு பக்கம் தள்ளியது. ஒரு வெள்ளிக்கிழமை பத்திரிகையை விரித்து, அதன் மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். திரையின் மூலையில் ஓடும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்.

"என்னக்கா செய்யிறியள்?"

"ராகுகாலம் பாக்க வேணுமெல்லே. உது எப்பவும் அரை மணித்தியாலம் முந்தி நிக்குது. நான்தான் திருத்தி விடுறனான்."

வாசலில் நின்ற ஐஸ் அண்ணை உள்ளே வந்தார். "முந்தியோ? நான் பஸ்ஸுக்குப் பாக்கேக்கை அது பிந்தியெல்லே நிக்கிறது. நானும் திருத்தி விடுறனான்."

சில வருடங்களுக்கு முன் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. பஸ் புது நேரத்தில் ஓடியது. பஞ்சாங்கம் பழைய நேரத்திலேயே இருந்தது. எங்கள் கந்தோரில் வேறு மணிக்கூடும் இல்லை.

தலைமைக் கந்தோரில் கொம்பியூட்டர்களைப் பராமரிப்பவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சை புது நேரம், அண்ணை. உங்கடை மெசின் அதிலையிருந்து ஐஞ்சு நிமிசத்துக்கு மேலை பிசகினால் இஞ்சத்தை மெசின் ஆரையும் உள்ளுக்கு விடாது. அது பாதுகாப்புக்கு."

"அப்ப, என்னை மட்டும் தடுக்கேல்லையோ?"

"நீங்கள் ஆரெண்டே எனக்குத் தெரியாதே."

அவ்வளவு நிம்மதியான அவமானத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை.

சுவர் மணிக்கூடு ஒன்று வாங்கி, அக்காவின் மேசைக்கு மேலே பழைய நேரத்தில் மாட்டினேன். கொம்பியூட்டர் புது நேரத்தில் நின்றது. மாத முடிவில் தலைமைக் கந்தோரிலிருந்து ஒருவர் வந்து, கொம்பியூட்டருக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, அதை மேசையிலேயே விட்டுப் போனார். எனக்கும் வேலை இருந்தது.