குடும்பக் குரூப்பில் போட்ட 'போறேன்'

மனைவி இறந்த பிறகு திருச்சுழி வீட்டில் நான் மட்டும்தான். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் போர் என்று டிவியில் விவாதம் நடக்கும்போதெல்லாம், எந்த நாடு செய்வது சரி, எது தப்பு என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக எழுதுவேன். ஒருவரும் பதில் போடுவதில்லை. காலை வணக்கப் படத்துக்கு மட்டும் எல்லாரும் கும்பிடு போடுவார்கள்.

போன மாதம் அப்படி எழுதிவிட்டுக் காத்திருந்து அலுத்துப்போனேன். "சரி, நான் போறேன்" என்று போட்டுவிட்டு, போனைச் சார்ஜில் வைத்து, வாசல் கதவைத் தாழிட்டு, மாடிக்கு மிளகாய் காயப்போடப் போய்விட்டேன். எங்கள் ஊரில் கிளம்புகிறவர் 'வாரேன்' என்றுதான் சொல்வார். 'போறேன்' என்றால் திரும்பி வராத போக்கு. எரிச்சலில் அது எனக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே கதவு அதிர்ந்தது. "ஏலே, கடப்பாரையக் கொண்டா!" என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். எட்டிப் பார்த்தால் தெருவே என் வாசலில் நிற்கிறது. இறங்கி வந்ததும் அவர் தன் போனை என் காதில் வைத்தார். மகன் அழுதுகொண்டிருந்தான்.

"போறேன்னா போடுவீக? போனையும் எடுக்கலையேப்பா!"

வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டேன். அன்று வீட்டில் டம்ளர் பத்தவில்லை.

இப்போது எதை எழுதினாலும் மறக்காமல் 'வாரேன்' என்று முடிக்கிறேன். அதைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் போலிருக்கிறது. பதில்தான் வருவதில்லை.